லிங்க்கை மட்டும் எடு

வெப்சைட் செய்கிற தொழிலில் பாதி நேரம் எந்தப் படம் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று தேடுவதில் போகும். மீதி நேரம், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஏன் போக முடியவில்லை என்று வாடிக்கையாளருக்கு விளக்குவதில் போகும். இந்த வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஃபோல்டரும் லிங்க்கும் ஒழுங்காக இருந்தால் நம்மைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஒன்று பிசகினால் ஊரே பேசும்.

நான் இந்த வேலைக்கு வந்தது, கொடைக்கானலில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் திறந்துகொண்டிருந்த வருடங்களில். வீடு பெருமாள்மலையில். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். இங்கே பேரிக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை. நான் பழனியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, ஏழு ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் சகாயம் சார் நடத்திய சென்டரில் சேர்ந்தேன். வெப்சைட் ஆர்டர் பிடிப்பது அவர், செய்வது நான். என் பெயர் வசந்தி. வாய் ஜாஸ்தி என்று சொல்வார்கள், அதை நான் மறுத்ததில்லை.

எல்லாம் கண் முன்னால்

சகாயம் சாருக்கு ஃபோல்டர் என்றாலே ஆகாது. எந்தக் கடைக்காரர் எந்தப் படத்தைக் கொண்டுவந்தாலும் கம்ப்யூட்டரின் முகப்பிலேயே போட்டுவைப்பார். பெயர் 'நியூ'. அடுத்தது 'நியூ ஒன்'. பிறகு 'ஃபைனல்', அதன் பிறகு 'ஒரிஜினல் ஃபைனல்'. ஒரு தடவை தைல எண்ணெய்க் கடையின் வெப்சைட்டில், கடை முதலாளி நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு புது மாப்பிள்ளை மாலையோடு நின்றார். அது வேறொரு கல்யாண ஆல்பத்தின் 'நியூ ஒன்'. முதலாளியின் மனைவிதான் முதலில் பார்த்தார் என்பதால் விஷயம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் உட்கார்ந்து, கடைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் படங்களுக்கு ஒன்று, பக்கங்களுக்கு ஒன்று என்று மொத்தத்தையும் பிரித்துவைத்தேன். திங்கட்கிழமை சார் வந்து பார்த்தபோது திரையில் ஏரிப் படம் மட்டும்தான் இருந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார். பழையபடி எடுத்துப் போடச் சொன்னார். முடியாது சார், வேண்டுமானால் நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மத்தியானம் வரை முயற்சி செய்துவிட்டு மவுஸைத் தள்ளிவைத்தார்.

"எல்லாம் கண்ணு முன்னால கெடந்துச்சு. அத்தனையும் ஒளிச்சு வச்சிட்டு அடுக்கி வச்சேங்கிறியேம்மா."

மதுரையில் தெரியாத சாக்லேட்

என் பெருமையை மட்டுமே சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் தப்பையும் சொல்கிறேன். வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் ரீத்தாம்மாவுக்கு ஒரு வெப்சைட் செய்தேன். முந்திரி வைத்தது, அத்திப்பழம் வைத்தது என்று வகைக்கொரு படம். அவரை சென்டருக்கு வரவழைத்துக் காட்டினேன். சந்தோஷத்தில் ஒரு டப்பா சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார். மதுரையில் இருந்த அவர் மகன் திறந்து பார்த்தால் ஒரு படம்கூட இல்லை. கட்டம் கட்டமாக சிவப்புப் பெருக்கல் குறிதான் இருக்கிறதாம்.

உங்கள் மகனின் கம்ப்யூட்டர் பழசு என்றேன். பிறகு மதுரை லைன் சரியில்லை என்றேன். மேலே மழை என்றுகூடச் சொன்னேன். இரண்டு நாள் விட்டுக்கொடுக்கவே இல்லை. மூன்றாம் நாள்தான் எனக்கே புரிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் நான் கொடுத்திருந்த விலாசம், சென்டரில் என் மேசையில் இருந்த கம்ப்யூட்டரின் சி டிரைவ். அந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாப் படமும் வரும். உலகத்தில் வேறெங்கே பார்த்தாலும் வராது. ரீத்தாம்மாவிடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, ஆனால் கேட்ட கேள்வியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"அப்ப ஃபாரின்காரன் என் சாக்லேட்டப் பாக்கணும்னா ஒங்க சென்டருக்கு வந்து, ஒன் நாற்காலியில உக்காந்துதான் பாக்கணுமா?"

பாத விநாயகரைத் தாண்டி

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த கந்தவேல் ஐயா, பக்கங்களின் வரிசையை ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்தார். முதலில் பாத விநாயகர். அவரைக் கிளிக் பண்ணினால் முருகன். முருகனைக் கிளிக் பண்ணினால் கடையின் வரலாறு. அதற்கு அப்புறம்தான் பஞ்சாமிர்தம். நேராகப் பஞ்சாமிர்தத்துக்கு லிங்க் வைக்கவே கூடாது என்றார். பிள்ளையாரைக் கும்பிடாமல் படியில் கால் வைப்பார்களா என்பது அவர் வாதம்.

அந்தக் கால டெலிபோன் லைனில் ஒரு படம் இறங்கி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். நாலு டீ குடித்துவிட்டுப் பஞ்சாமிர்தம் வாங்க எவன் உட்கார்ந்திருப்பான் என்று கேட்டேன். பக்தி இருக்கிறவன் உட்கார்ந்திருப்பான் என்றார். இப்படிச் செய்தால் நான் செய்து தர மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். சகாயம் சார் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. மலைக்குப் போகிற எல்லாருமா படியேறுகிறார்கள், முடியாதவர்களுக்கு விஞ்ச் ரயில் இல்லையா என்று கேட்டேன். ஐயா தாளை வாங்கி, ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தார்.

"சரி, விஞ்சு மாதிரி ஒரு லிங்க்க ஓரமா வச்சிரு. ஆனா விஞ்சுல போறவனும் பாத விநாயகரக் கும்பிட்டுட்டுத்தான் போகணும், அவருக்குப் பெறகு வையி."

ரோடு ஏறுகிற வரிசை

இனிமேல் சொல்வதெல்லாம் ஒரே வெப்சைட்டைப் பற்றியது. என் வேலையைக் குடித்ததும் அதுதான்.

பதினெட்டு விடுதிக்காரர்கள் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். இப்போது அது இல்லை, பெயரும் வேண்டாம். பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வெப்சைட், ஆளுக்கொரு பக்கம் என்று பேச்சு. யார் பெயர் முதலில் வருவது என்பதில் இரண்டு கூட்டம் நடந்தும் முடிவாகவில்லை. மூன்றாவது கூட்டத்துக்கு நானும் போனேன். வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வருகிற வரிசையில் ஃபோல்டர் போட்டிருக்கிறேன் என்றேன். முதலில் பெருமாள்மலை, அங்கிருந்து பிரிகிற அடுக்கம், பிறகு செண்பகனூர், நாயுடுபுரம், கடைசியில் ஏரிக்கரை. முகப்புப் பக்கத்தில் இந்த ஊர்ப் பெயர்கள், ஊரைக் கிளிக் பண்ணினால் அந்த ஊர் விடுதிகள். ரோட்டோடு யார் சண்டை போட முடியும். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், சங்கத் தலைவரைத் தவிர. அவருடைய லாட்ஜ் ஏரிக்கரையில் இருந்தது.

"ரோடு போட்டவன் கீழ இருந்து போட்டான்னா, வெப்சைட்டையும் கீழ இருந்துதான் போடணும்னு சட்டமா?"

மூன்று தட்டு

அடுக்கத்தில் சங்கத்துக்கு ஒரே ஒரு உறுப்பினர். லெட்சுமியக்கா. எங்களைப் போலவே இலங்கையிலிருந்து வந்த குடும்பம். பல வருடம் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்தவர். கொடைக்கானலிலிருந்து பெரியகுளத்துக்குப் பழைய பாதையில் நடந்து இறங்குகிறவர்கள் இருட்டிவிட்டால் தங்க இடம் கேட்டு நிற்பதைப் பார்த்து, வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டினார். மேலே தகரம், உள்ளே சுத்தமான கட்டில், காலையில் சூடான இட்லி. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் சந்தாவைக் கட்டிச் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். பிளாஸ்டிக் கவரில் மூன்று படம் கொண்டுவந்தார்: அறை, அடுப்படி, ஒரு கன்றுக்குட்டி. கன்றுக்குட்டி எதற்கு என்று கேட்டேன். வெள்ளைக்காரர்கள் வந்தால் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்றார். போட்டேன்.

அந்த சீசனுக்குள் ஆள் வந்தாக வேண்டும் என்று இருந்தது அவர் நிலைமை. அறைகள் சும்மா கிடந்தால் காப்பி மூட்டை அடுக்கக் கொடுத்துவிடும்படி தோட்டத்து முதலாளி கேட்டிருந்தார். கொடுத்துவிட்டால் லெட்சுமியக்கா மறுபடி பழம் பறிக்கத்தான் போக வேண்டும். பக்கம் முடிந்ததும் அவர் கையில் மவுஸைக் கொடுத்து, முகப்பு, அடுக்கம், அவர் வீடு என்று கிளிக் பண்ண வைத்தேன். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்.

"மூணு தட்டு தட்டுனா என் வீடு வந்துருது புள்ள. எங்க ஊருக்கு பஸ்ஸே இன்னும் வரல."

அழிக்கச் சொல்லவில்லை

வெப்சைட் ஏறின வாரமே தலைவர் சென்டருக்கு வந்தார். முகப்பைத் திறந்து, அடுக்கம் என்ற பெயரில் விரலை வைத்தார். லாட்ஜ் லிஸ்டில் தகரக் கொட்டாய்க்கு என்ன சோலி, பார்க்கிறவன் நம்ம எல்லாரையும் அப்படித்தானே நினைப்பான் என்றார். கூலிக்குப் போன பொம்பளை என்றும் ஒரு வார்த்தை சொன்னார். சந்தா கட்டின உறுப்பினரை எடுக்கச் சங்க விதியில் இடமில்லை என்பது அவருக்கே தெரியும். அதற்கும் ஒரு வழி யோசித்துவைத்திருந்தார்.

லிங்க் இல்லாத பக்கம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கும், ஒருவரும் அங்கே போய்ச் சேர முடியாது. யாராவது கேட்டால் இருக்கிறதே என்று சொல்லிக்கொள்ளலாம். தோட்டத்தில் கூலிக்காரர்களுக்குக் கட்டின எங்கள் லைன் வீடுகளுக்கும் ரேஷன் கார்டு இருந்தது, கார்டில் எல்லார் பெயரும் இருந்தது, வீட்டுக்கு வர ரோடு மட்டும் இல்லை. பிரசவ வலி கண்ட என் சித்தியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுதான் மெயின் ரோட்டுக்குப் போனார்கள். அதனால் அவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போக வழி இல்லாத பக்கத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் ரொம்ப அமைதியாகவே பதில் சொன்னார்.

"பக்கத்த அழிக்கச் சொல்லலம்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. லிங்க்க மட்டும் எடு."

சொன்னபடி செய்தேன்

எடுத்தேன். முகப்பிலிருந்து அடுக்கம் போய்விட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருப்பேன்.

அன்றைக்கு மத்தியானம் மற்ற பதினேழு பேரின் பக்கங்களையும் ஒருமுறை உட்கார்ந்து படித்தேன். எல்லாம் அவர்களே எழுதிக் கொடுத்த விளம்பரம். பதினோரு பேர், எங்கள் விடுதியில் தங்கினால் அடுக்கம் வழியாகப் பழைய பாதையில் நடந்து இறங்கலாம் என்று பீற்றியிருந்தார்கள். தலைவரின் பக்கத்தில் அந்த வரி எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில் இருந்தது. பதினோரு பக்கத்திலும் அடுக்கம் என்ற வார்த்தைக்கு மட்டும் ஒரு லிங்க் வைத்தேன். வார்த்தைக்குக் கீழே சின்னதாக ஒரு நீலக் கோடு விழும், அவ்வளவுதான். அதைத் தொட்டால் லெட்சுமியக்கா வீடு. ஒரு லிங்க் போன இடத்தில் பதினொன்று வந்தது.

சாயங்காலம் சகாயம் சார் சரிபார்க்க உட்கார்ந்தார். முகப்பைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தலைவரின் பக்கத்துக்குப் போனார், அந்த நீலக் கோட்டைத் தொட்டார். கன்றுக்குட்டி வந்தது. உடனே அந்தப் பக்கத்தை மூடினார்.

"நான் இதப் பாக்கல. நான் பாத்தத நீயும் பாக்கல. மழ வருது, வெரசா கெளம்பு."

நீலக் கோடு

அது சரியாக மே மாதம் வெடித்தது. பெங்களூரிலிருந்து வந்து தலைவர் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு தம்பதி, வரவேற்பு மேசையில் பிரிண்ட் எடுத்த ஒரு தாளை நீட்டி, இந்த வீட்டுக்குப் போக ஜீப் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் தங்க வந்தவர்கள், ஒரு நாளை அங்கே வைத்துக்கொள்கிறோம் என்றார்களாம். தாளில் கன்றுக்குட்டி. இது எங்கே கிடைத்தது என்று தலைவர் கேட்க, உங்கள் வெப்சைட்டில்தான் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சென்டர் முழுக்கக் கூட்டம் இருந்த நேரத்தில் தலைவர் வந்து நின்றார். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். நீங்கள் எடுக்கச் சொன்ன லிங்க்கை எடுத்துவிட்டேன், இது உங்கள் பக்கத்தில் நீங்களே எழுதின ஊர்ப் பெயர் என்றேன். அவர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு சகாயம் சாரைப் பார்த்தார். சங்கத்து வேலை வேண்டுமா, இந்தப் பெண் வேண்டுமா என்று கேட்டார். சாருக்கு மூன்று பிள்ளைகள், கடை வாடகை. அவர் வாயிலிருந்து அது வர வேண்டாம் என்று நானே எழுந்துகொண்டேன். எடுக்க மாட்டேன், எடுக்கிற ஆளை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்தேன். வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது என்னுடையது ஒன்றுதான். ஆனாலும் குரலை இறக்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. வாசலைத் தாண்டும்போது தலைவர் எல்லாரையும் பார்த்துச் சொன்னது காதில் விழுந்தது.

"ஒரு வார்த்தைக்குக் கீழ கோடு போட்டதுக்கு இம்புட்டுத் திமிராங்க?"

என் பக்கத்தில் மட்டும்

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், பெருமாள்மலை ஜங்ஷனில் பஞ்சர் கடை மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்று அவளே விசாரித்துக்கொண்டு வந்தாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தவணையில் வாங்கி உட்கார்ந்தேன். முதல் ஆர்டர் பழனியிலிருந்து வந்தது. அனுப்பினது சகாயம் சார்தான், அதையும் அவர் பார்க்காதது போலவே செய்தார். நான் போன அன்றைக்கு அவர் தலைவரின் பக்கத்தில் இருந்த கோட்டை மட்டும் எடுத்துவிட்டு, வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். மற்ற பத்துப் பக்கத்திலும் அது அப்படியே இருந்தது. அந்தப் பத்து விடுதிக்காரர்களும் அதை எடுக்கச் சொல்லவில்லை. மேலே ஒரு நாள் தங்கி, அடுத்த நாள் நடந்து இறங்க நினைக்கிறவர்கள், இறங்குகிற வழியில் படுக்க இடம் இருப்பது தெரிந்து அந்த விடுதிகளிலேயே அறை எடுத்தார்கள். லெட்சுமியக்காவின் அறைகளில் அந்த வருடம் காப்பி மூட்டை ஏறவில்லை.

அடுத்த சீசனுக்கு முன்னால் பஞ்சர் கடைக்குப் போன் வந்தது. தலைவர். அந்தக் கோடு போடுவது வசந்திக்குத்தான் தெரியும் என்று சகாயம் சார் நம்பரைக் கொடுத்துவிட்டாராம். எல்லார் பக்கத்திலும் அடுக்கம் லிங்க் இருக்கிறது, என் பக்கத்தில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். சத்தியமாக அந்தக் குரலில் கோபம்தான் இருந்தது. நீங்கள்தான் எடுக்கச் சொன்னீர்கள் என்றேன். இப்போது போடச் சொல்கிறேன் என்றார். போடுகிறேன், ஆனால் லெட்சுமியக்கா சரி என்று சொல்ல வேண்டும், நீங்களே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று போனை வைத்துவிட்டேன்.

போனார். ஜீப் போகிற வரைக்கும் ஜீப்பில், மிச்சத்தை நடந்து. லெட்சுமியக்கா அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். காலில் ஏறின அட்டைக்கு உப்பும் கொடுத்திருக்கிறார். பதிலை அந்த வாரச் சந்தைக்கு வந்தபோது என்னிடம் அப்படியே ஒப்பித்தார்.

"தாராளமா போட்டுக்குங்க சார். ஆனா நம்மகிட்ட ரெண்டு ரூமுதான், மத்த பத்துப் பேரு ஆள் அனுப்பாத நாளாப் பாத்து ஒங்க ஆள அனுப்புங்க."

ஆக, இந்த மலையில் திமிர் பிடித்தவள் என்ற பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தது பதினோரு வார்த்தைக்குக் கீழே நான் போட்ட நீலக் கோடுதான், மறுபடி போடச் சொன்னால் கொஞ்சம் தடிமனாகவே போடுவேன்.